பளபளப்புப் பக்கத்தில் பொட்டு

மீனாக்ஷிக்கு எதைக் கண்டாலும் பொட்டு வைத்தாக வேண்டும். புது மிக்ஸி வந்தால் பொட்டு, புது குக்கர் வந்தால் பொட்டு, கரண்ட் ஆபீஸ்காரன் புது மீட்டரை மாட்டிவிட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த மீட்டருக்கும் பொட்டு. முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம், மோதிர விரலால் ஒரு அழுத்து. புதுத்துணியானால் உள்பக்கத்து ஓரத்தில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஒரு துளி. "என்னை மட்டும் ஏன் விட்டு வெச்சே?" என்று கணவர் வெங்கிடராமன் கேலி செய்வார். "நீங்க புதுசா என்ன?" என்று அவளும் விடமாட்டாள்.

இந்தப் பழக்கத்தால் அவள் மானம் ஒருமுறை மட்டாஞ்சேரி கடைத்தெருவில் கப்பலேறியிருக்கிறது. போன வருஷம், ஊரே அண்ணன் முறையில் ஹனீஃபிக்கா என்று கூப்பிடுபவரின் டிவி கடையில் ஒரு பஜனை டிஸ்க் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் பொட்டு வைத்தாள். ஒரு பக்கம் ஏதேதோ எழுத்தும் படமும். மறுபக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அழகாக இருக்கும் பக்கம்தானே முகம்? அங்கேதான் வைத்தாள், நடு ஓட்டைக்குப் பக்கத்தில். டிஸ்க் ஓடவில்லை. நேரே கடைக்குப் போய், கெட்ட சரக்கைத் தன் தலையில் கட்டிவிட்டதாக நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டாள். ஹனீஃபிக்கா டிஸ்கைத் திருப்பிப் பார்த்தவர், தலையில் இருந்த தொப்பி நழுவும்வரை சிரித்தார்.

"எந்தா மாமி, சாமிக்கு நெற்றியில வைக்கும். இவனுக்கு நீங்க கண்ணுக்குள்ளயாக்கும் வெச்சது. இந்தப் பக்கம் வெச்சா மெஷின் எப்படிப் படிக்கும்? இருபது வருஷமா கடை நடத்தறேன், இப்படி ஒரு பணி ஞான் கண்டதில்லை."

அன்றிலிருந்து டிஸ்க் என்றால் அவள் எழுத்து இருக்கும் பக்கத்தில்தான் வைப்பாள். வைக்காமல் இருப்பாள் என்று நினைத்தவர்களுக்கு மீனாக்ஷியைத் தெரியாது.

அப்படிப்பட்டவள் ஒரே பெண் விஷ்ணுப்ரியாவின் கல்யாணத்தில் எதையாவது விட்டு வைத்திருப்பாளா? கல்யாணம் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. மாப்பிள்ளை ரோஹனின் பூர்வீகம் பாலக்காடு, வளர்ந்தது பம்பாய். சுரங்க இன்ஜினீயர். கனடாவில் இருந்தான், பிறகு ஓமானில், இப்போது தென்னமெரிக்காவில் சிலி நாட்டில் ஏதோ ஒரு தாமிரச் சுரங்கத்தில். அப்பா அம்மா இரண்டு பேரும் அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார்களாம். செம்பூரிலிருந்து சித்தப்பா முறையில் ஒருவர் வந்து தாலி கட்டும்வரை இருந்து, சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். மாமியார் இல்லாத இடம் என்று மீனாக்ஷிக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று. இல்லை என்று சொன்னால் அது பொய். விசாரிக்க வேண்டியதை அந்தக் குளிர்ச்சியில்தான் பாதியாக விசாரித்தார்கள்.

மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் போட்டுப் பேசமாட்டான். எதையும் வீணாக்கமாட்டான். இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. கல்யாணப் பரிசுகள் சுற்றி வந்த வண்ணக் காகிதங்களைக்கூடக் கிழியாமல் பிரித்து, நீவி, மடித்துப் பெட்டியில் வைத்தான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!" என்று வெங்கிடராமனுக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கே குளிர் அதிகம் என்று விஷ்ணுப்ரியாவுக்கு ஒரு கருநீலக் கம்பளிக் கோட்டு கொண்டுவந்து கொடுத்தான். நல்ல கனமான கோட்டு. கைப்பக்கம் மட்டும் ஒருமுறை மடித்துத் தைத்துப் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மீனாக்ஷியின் கண்ணில் அது படாமலில்லை. செகண்ட்ஹாண்டில் வாங்கியிருப்பான், சிக்கனக்காரன்தானே என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நாளை மறுநாள் விமானம். சுரங்கம் இருக்கும் இடத்துக்கு விமான நிலையத்திலிருந்து ஒரு நாள் காரில் போக வேண்டுமாம். நெட் கிடையாது, போன் சிக்னல் மேட்டில் ஏறினால்தான் வரும், அக்கம்பக்கம் தமிழும் கிடையாது மலையாளமும் கிடையாது. நாளெல்லாம் ஒற்றையாக என்ன செய்வாள் பெண்? அதற்குத்தான் கையடக்கமாக ஒரு டிவிடி ப்ளேயர் வாங்கலாம் என்று ரோஹன் சொன்னான். அவனிடம் மூன்று நாட்டில் சேர்ந்த டிஸ்குகள் ஒரு பை இருக்கின்றன. விஷ்ணுப்ரியாவிடம் தமிழ்ப் படமும் பாட்டுமாக ஒரு அடுக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும்.

"அப்படின்னா ஹனீஃபிக்காகிட்டயே போகலாம். வேகம் கிளம்புங்கோ, வேலியேற்றம் வரும் முன்னால திரும்பணும்" என்றாள் மீனாக்ஷி.

கார்த்திகை பிறந்தால் மட்டாஞ்சேரிக்கு இது ஒரு வழக்கமான தொல்லை. காயலில் வேலி, அதாவது கடலின் ஓதம், ஏறினால், மழை ஒரு சொட்டும் இல்லாமலே, ஓடைக்குள்ளிருந்து கறுப்பாகத் தண்ணீர் பொங்கித் தெருவுக்கு வரும். முழங்கால்வரை வந்து நின்று, பிறகு தன் பாட்டுக்கு இறங்கிப் போகும். செரளாயியில் அவர்கள் வீடு இருக்கும் சந்துதான் எல்லாவற்றையும்விடப் பள்ளம். இந்த வருஷம் தண்ணீர் நாளுக்கு நாள் ஒரு படி அதிகமாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

ரோஹன் பெட்டியின் நம்பர் பூட்டைத் திறந்து, ஜிப் வைத்த ஒரு கறுப்புப் பையை எடுத்துக்கொண்டான். அதில்தான் டிஸ்குகள். இன்னொரு கையில் பாஸ்போர்ட்டுகள் இருக்கும் ஃபோல்டர். கல்யாணமான மறுநாளே விஷ்ணுப்ரியாவின் பாஸ்போர்ட்டையும் வாங்கி அதற்குள் வைத்துவிட்டான். அந்த ஃபோல்டர் இல்லாமல் அவன் குளிக்கப் போனால் அதிசயம்.

ஹனீஃபிக்கா அவர்களைக் கண்டதும் ஸ்டூலைத் தட்டிப் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"இப்போ இதை ஆர் கேக்கறா மோளே? எல்லாம் போனில ஆயிடுச்சு. மூணு பீஸ் கிடக்கு, எடுக்கறேன்."

தூசியைத் துடைத்து மூன்று பெட்டிகளையும் மேஜைமேல் வைத்தார். டிஸ்குக்கும் நாட்டுக்கும் உள்ள கணக்கை விஷ்ணுப்ரியாவுக்குச் சொன்னார். டிஸ்கின் எழுத்துப் பக்கத்தில் பொடியாக ஒரு உருண்டை பூமி போட்டிருக்கும், அதற்குள் ஒரு எண் இருக்கும். அமெரிக்காவும் கனடாவும் ஒன்று. யூரோப்பும் கல்ஃபும் இரண்டு. சிலி இருக்கும் பக்கமெல்லாம் நாலு. நமக்கு அஞ்சு. ஒரு நம்பர் மெஷினில் இன்னொரு நம்பர் டிஸ்கைப் போட்டால் ஓடாது.

முதல் பெட்டியைத் தட்டினார். "இதில நம்பரை மாத்தலாம். பக்ஷே அஞ்சு தடவைதான். அஞ்சாவது எங்க நிக்குதோ அங்கயே பூட்டி இருந்துடும். பின்ன படச்சவன் வந்தாலும் திறக்க முடியாது."

"அது வேண்டாம்" என்றான் ரோஹன்.

இரண்டாவதில் ஏரியல் இருந்தது, ரேடியோ இருந்தது, மெமரி கார்டு போட இடம் இருந்தது. விஷ்ணுப்ரியா ஆசையாக அதை எடுத்தாள். "ரேடியோ இருந்தா நன்னாருக்குமே ரோஹன். ஏதாவது ஒரு சத்தம் வருமே."

"அங்கே என்ன பாஷை வரும்? உனக்கு எதுக்கு? டிஸ்க் போதும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி மூடி வைத்தான்.

மூன்றாவது மெஷினில் ஒன்றும் கிடையாது. ஒரு திரை, ஒரு மூடி, பேட்டரி. ரிமோட்டில் ஏதோ நம்பர்களை அமுக்கி ஹனீஃபிக்கா பூட்டைத் திறந்துவிட்டார். இனி எல்லா நாட்டு டிஸ்கும் ஓடும். "சோதிச்சு நோக்கிட்டு கொண்டுபோங்க. பின்ன அங்கேயிருந்து என்னைச் சபிக்கக்கூடாது."

விஷ்ணுப்ரியாவின் பாட்டு டிஸ்க் ஓடியது, அஞ்சு. ரோஹனின் பையிலிருந்து ஒரு நாலாம் நம்பரைப் போட்டார்கள். கார்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வெடித்தன. அடுத்ததாக ஒன்றாம் நம்பர். மெஷின் உள்ளே கரகரவென்று தேடியது, நின்றது, மறுபடி தேடியது. ஓடவில்லை.

"பூட்டு திறக்கலையோ?" என்றபடி ஹனீஃபிக்கா டிஸ்கை வெளியே எடுத்துத் திருப்பினார். கொல்லென்று சிரித்துவிட்டார்.

"மாமி! பின்னயும் கண்ணுக்குள்ள வெச்சோ?"

பளபளப்புப் பக்கத்தில், நடு ஓட்டையை ஒட்டி, காய்ந்து போன ஒரு பொட்டு. அடியில் சந்தனம், மேலே குங்குமம். விஷ்ணுப்ரியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, உன்னை விட்டா ஏரோப்ளேனுக்கும் வெச்சுடுவே."

"நான் வைக்கலைடி" என்று மீனாக்ஷி சொல்ல வாயெடுத்தாள்.

"இது என்னது?" என்று ரோஹன் குனிந்து பார்த்தான். முதல்முறை பார்ப்பவன் மாதிரிதான் பார்த்தான். "ஓ, குங்குமமா? நேத்து அம்மா பெட்டிக்கெல்லாம் வெச்சாளே. அப்போ இதுக்கும் வெச்சிருப்பா."

நேற்று பெட்டிகளுக்குப் பொட்டு வைத்தது வாஸ்தவம். ஆனால் பெட்டிக்கு வெளியேதான் வைத்தாள். இந்தப் பை பெட்டிக்குள் இருந்தது, பெட்டி நம்பர் பூட்டில் இருந்தது, நம்பர் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதெல்லாம் போகட்டும். போன வருஷம் ஊர் சிரித்த பிறகு அவள் பளபளப்புப் பக்கத்தைத் தொட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொள்வது அவளுக்கு வழக்கமில்லை என்பது விஷ்ணுப்ரியாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவள் சிரிப்பில் இருந்தாள்.

ஹனீஃபிக்கா ஈரத்துணியால் பொட்டைத் துடைத்து டிஸ்கைப் போட்டார். படம் வந்தது. ஒரு வெள்ளைக்காரி பாயில் உட்கார்ந்து, நிறைமாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மூச்சை எப்படி இழுத்து எப்படி விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி.

விஷ்ணுப்ரியாவின் முகம் சிவந்துவிட்டது. ஹனீஃபிக்கா மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பின்னாடி உபயோகப்படும். எதையும் தூக்கிப் போடக்கூடாது" என்றான் ரோஹன்.

அப்போது தெருவில் யாரோ "வெள்ளம் கேறி!" என்று கத்தினார்கள். சைக்கிள்காரர்கள் திரும்பிப் போனார்கள். ரோஹன் ஃபோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வாசலுக்குப் போனான். விஷ்ணுப்ரியாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

மீனாக்ஷி பையை இழுத்துத் திறந்தாள். ஒவ்வொரு டிஸ்காகத் திருப்பினாள். வாசலைப் பார்த்துக்கொண்டே வேகமாகத் திருப்பினாள். ஒன்றாம் நம்பர் டிஸ்குகள் எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது, சிலதில் எழுத்துப் பக்கம், சிலதில் பளபளப்புப் பக்கம். எல்லாம் ஒரே அளவு, ஒரே விரல். யாரோ அவளைப் போலவே பளபளப்பை முகம் என்று நினைத்திருக்கிறாள், யாரோ அவளைப் போலவே திட்டு வாங்கியிருக்கிறாள். இரண்டாம் நம்பர் டிஸ்குகளிலும் அதே பொட்டு. அதில் ஒன்றில் மஸ்கட் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது, அரபியிலும் இங்கிலீஷிலும். நாலாம் நம்பர் டிஸ்குகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. இரண்டு பக்கமும் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தன.

"இந்த மஸ்கட் டிஸ்க் என்னது இக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஹனீஃபிக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "குட்டிகளுக்குள்ளது. ஏ பி சி டி, பாட்டு. ஒண்ணரை, ரெண்டு வயசுக் குட்டிகளுக்கு." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "எந்தா மாமி, சுகமில்லையோ?"

"ஒண்ணும் இல்லை." அந்த டிஸ்கைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு கறுப்புப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஹனீஃபிக்கா பார்த்தார். மெஷினைப் பெட்டியில் வைத்துச் சரடு கட்டினார்.

திரும்பும்போது பெரிய தெருவில் கணுக்கால்வரை இருந்த தண்ணீர், சந்து முனையில் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஆட்டோக்காரன் அங்கேயே இறக்கிவிட்டான். கறுப்புத் தண்ணீரில் தேங்காய் மட்டையும் பாலிதீன் பையும் அவர்களுக்கு முன்னால் மிதந்து போயின. ரோஹன் டிஸ்குப் பையைத் தோளில் மாட்டி, ப்ளேயர் பெட்டியை இரண்டு கையாலும் தலைமேல் தூக்கிக்கொண்டான். கை போதவில்லை. ஃபோல்டரை விஷ்ணுப்ரியாவிடம் கொடுத்தான்.

"ஜாக்கிரதை. நம்ம உயிரே அதுலதான் இருக்கு."

"நீ புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கோடி, அதை இங்கே குடு" என்று மீனாக்ஷி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் முன்னால் போனார்கள். பெண் எதற்கோ சிரித்தாள். இவளை நாளை மறுநாள் இவனோடு அனுப்ப வேண்டும், மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கும் ஊருக்கு. பொட்டு வைத்தவள் ஒன்றாம் நம்பரில் இருந்தாள், இரண்டில் இருந்தாள், நாலில் இல்லை. நடுவில் எங்கே போனாள்? கையில் ஒரு குழந்தையோடு எங்கே போனாள்? மீனாக்ஷிக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது, பயத்துக்கு மேல் ஆத்திரம் வந்தது. ஃபோல்டரின் ஜிப்பைத் திறந்தாள். ஓடைக்கு மேலே போட்டிருந்த பலகையைத் தாண்டும்போது, "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு, கைப்பையை மட்டும் உயரத் தூக்கியபடி சறுக்கினாள்.

பாஸ்போர்ட்டுகள் கறுப்புத் தண்ணீருக்குள் போயின. அவள் எழுந்திருக்கிற சாக்கில் ஒன்றைக் காலால் சேற்றில் அழுத்தினாள்.

ரோஹன் திரும்பி வந்தான். ப்ளேயர் பெட்டியை நிதானமாக மதில்மேல் வைத்தான். குனிந்து துழாவி, ஒவ்வொன்றாக எடுத்து உதறினான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மீனாக்ஷிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் திறந்திருந்த ஜிப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பரவால்லை அம்மா. அடி ஒண்ணும் படலையே?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் விஷ்ணுப்ரியாவின் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை ஏடு ஏடாகப் பிரித்துக் காய வைக்கத் தொடங்கினான். பக்கத்திலேயே புது மெஷின் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வெங்கிடராமன் பதறிக்கொண்டு காற்றாடியைக் கூட்டி வைத்தார், மனைவியை வாய்க்கு வந்தபடி திட்டினார். கூடத்திலிருந்து அந்த டிரையரின் இரைச்சல் விடாமல் வந்தது.

சமையலறையில் விஷ்ணுப்ரியா குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினாள். "நீ வேணும்னுதானே போட்டே? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ சறுக்கறதுக்கு முன்னாலயே கத்திட்டே."

"ஆமாம். வேணும்னுதான்."

"எதுக்கு?"

"அவனுக்கு முன்னாலயே கல்யாணம் ஆயிருக்குடி."

விஷ்ணுப்ரியா திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மீனாக்ஷிதான் திடுக்கிட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பெண். "ரெண்டாம் நாளே சொல்லிட்டார். கனடால இருந்தப்போ. பிரசவத்துல போயிட்டாளாம். குழந்தையும் வயித்துலயே போயிடுத்தாம். சொல்றப்போ அழுதார். உங்ககிட்டல்லாம் சொல்ல வேண்டாம்னார், ஏற்கனவே ஆனவன்னு அப்பா வருத்தப்படுவார்னு. பாவம்மா அவர். அதையெல்லாம் ஏன் கிளறறே?"

"பேர் சொன்னானா?"

"கேக்கலை. எப்படிக் கேக்கறது?"

மீனாக்ஷி கைப்பையைத் திறந்து டிஸ்கை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. ஒரு யானைக்குட்டி, ஒரு பந்து, ஓரத்தில் மஸ்கட் கடைச் சீட்டு. பொடிப் பூமிக்குள் இரண்டு என்று இருந்தது.

"ஹனீஃபிக்கா சொன்னாரோல்லியோ, கனடா ஒண்ணு, கல்ஃப் ரெண்டுன்னு. இது எங்கே வாங்கினது?"

"மஸ்கட்."

மீனாக்ஷி டிஸ்கைத் திருப்பிப் போட்டாள். பொட்டு. "கனடால செத்துப் போனவ மஸ்கட்டுக்கு வந்து எப்படிடி பொட்டு வெச்சா? பொறக்காத குழந்தைக்கு ஏ பி சி டி எதுக்கு?"

விஷ்ணுப்ரியா பார்த்துக்கொண்டே நின்றாள். விரலை நீட்டி அந்தப் பொட்டைத் தொடப் போனாள், தொடவில்லை. கூடத்தில் டிரையர் சத்தம் நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"சார்ஜ் ஏறிடுத்து."

வாசற்படியில் ரோஹன் நின்றான், கையில் புது ப்ளேயர். எப்போதும்போலச் சிரித்த முகம்தான்.

"பொட்டு வைக்கணுமே அம்மா, வைங்கோ. மூடி மேல வைங்கோ. டிஸ்க்குல மட்டும் அந்தப் பளபளப்புப் பக்கத்துல வைக்கப்படாது. எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டா."

சொல்லி முடித்த பிறகுதான் அடுப்பு மேடையைப் பார்த்தான். கண் அந்த டிஸ்கில் போய் நின்றது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

விஷ்ணுப்ரியா அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டாள். "யாரு கேக்க மாட்டா ரோஹன்?"

அவன் ப்ளேயரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அவ பேர் என்ன?"

"பாஸ்போர்ட் காஞ்சுடுத்து ப்ரியா. ஒண்ணும் ஆகலை, எழுத்தெல்லாம் நன்னாத் தெரியறது. பெட்டியைக் கட்டு."

"குழந்தை பேராவது சொல்லுங்கோ."

"பெட்டியைக் கட்டுன்னேன்."

"நான் வரலை."

சத்தமாகத்தான் சொன்னாள். கூடத்திலிருந்து வெங்கிடராமன் எழுந்து வந்தார். என்ன, ஏது என்று கேட்க ஆரம்பித்தவர், மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். அழுவான், கெஞ்சுவான், கத்துவான் என்று மீனாக்ஷி காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ரோஹன் ப்ளேயரின் மூடியை மெதுவாகச் சாத்தினான். தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்துக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தான்.

"சரி" என்றான். "அப்போ அந்தக் கோட்டைக் குடுத்துடு."

"என்னது?"

"கோட்டு. நல்ல கோட்டு. உனக்கு வேண்டாம்னா வீணாத்தானே போகும். எனக்கு வேணும்."

விஷ்ணுப்ரியாவின் கை அம்மாவின் தோளைப் பிடித்தது. நகம் பதியும்படி பிடித்தது. அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு மீனாக்ஷியே உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய கோட்டை இறக்கினாள். தனக்கு இப்படி ஒரு புதுக்கோட்டு வந்தால் எங்கே வைப்பாள்? உள்பக்கம், இடது ஓரம், தையல் மடிப்புக்கு மேலே. திருப்பிப் பார்த்தாள். அங்கேயே இருந்தது. மங்கிப் போய், பழுப்பாக, ஆனால் அதுதான். அவள் மோதிர விரலை வைத்தாள், சரியாகப் பொருந்தியது.

யாரோ பெற்ற பெண். அந்தப் பெண்ணுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். எந்த ஊருக்குப் போனாலும் புதுசு எது வந்தாலும் இப்படி வைத்துக்கொள்ளடி என்று அவள்தான் சொல்லி அனுப்பியிருப்பாள். மீனாக்ஷிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ரோஹன் கையை நீட்டினான்.

"தரமாட்டேன்" என்றாள். "இது உன்னோடது இல்லை."

கல்யாணம் பேசிய நாளிலிருந்து மாப்பிள்ளையை அவள் நீ என்று சொன்னதில்லை. அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். சந்து முழுக்கக் கறுப்புத் தண்ணீர், இரண்டாம் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

"தண்ணி இறங்கட்டும். இறங்கினதும் கோட்டை வாங்கிண்டு போறேன்" என்று உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ப்ளேயரை மடியில் வைத்துத் திறந்தான். பையிலிருந்து நாலாம் நம்பர் டிஸ்க் ஒன்றை எடுத்துப் போட்டான். கார்கள் ஓடும் சத்தம் கூடத்தில் நிறைந்தது.

மீனாக்ஷி காதோடு சொன்னதைக் கேட்டு வெங்கிடராமன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மேலே அவர் போலீஸிடம் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. விஷ்ணுப்ரியா அம்மாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து கோட்டின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். மீனாக்ஷி கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் இறங்க எப்படியும் இருட்டிவிடும்.